அக்காவுக்கு மட்டும் ஒரு நடை

எங்கள் வீட்டில் குண்டாக இருந்தவள் அக்கா. வயிறு எரிந்தது எனக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் எங்கள் இரண்டு பேரில் பரிதாபத்துக்குரியவள் நான்தான் என்று வெகுகாலம் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் நாலாம் வகுப்பு, அவள் ஆறாம் வகுப்பு. பழங்காநத்தத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே குடியிருந்தோம். மாடிப்படி செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும். பள்ளிக்கூட வேன் இறக்கிவிட்டதும் அக்கா முன்னால் ஏறுவாள், நான் பின்னால். பாதிப் படியில் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நிற்பாள். அவள் நின்றால் நானும் நிற்க வேண்டும். தாண்டிப் போக இடம் கிடையாது. என் சிறுவயது முழுவதும் அந்தப் படியில் நின்றபடியே போய்விட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

துணி விஷயத்தில் நடந்தது இன்னும் பெரிய அநியாயம். தீபாவளிக்கு எடுத்த சுடிதார் பொங்கலுக்குள் அக்காவுக்கு இறுக்கிவிடும். அவளுக்கு வேறு புதுசு எடுப்பார்கள். பழசை அம்மா எனக்காக இரண்டு பக்கமும் பிடித்துத் தைப்பாள். உள்ளே மடங்கிக் கிடக்கும் அந்தத் துணி நாள் முழுக்க விலாவை அறுக்கும். புதுத்துணியின் மொடமொடப்பு எப்படி இருக்கும் என்பதை நான் அக்காவின் தோளில் சாய்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

சொந்தக்காரர்கள் வந்தாலும் பேச்சு அவளைப் பற்றித்தான். சின்ன வயதில் கன்னத்தைக் கிள்ளி, "எங்க அப்பன் வீட்டு ஒடம்பு!" என்று பூரித்துப்போவாள் உசிலம்பட்டி அத்தை. என் பக்கம் திரும்பி, "இதுக்குப் பூச்சி மருந்து குடுத்தீகளா மதினி?" என்று அம்மாவிடம் கேட்பாள். பின்னால் கிள்ளுவது நின்று கேலி வந்தது. கல்யாண வீடுகளில் அக்கா இலையில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். பக்கத்து இலைக்காரர்களும் சிரிப்பார்கள். எனக்கு அதில் வித்தியாசம் தெரியவில்லை. கிள்ளினாலும் கேலி செய்தாலும் எல்லோர் கண்ணும் அவள் மேல்தானே இருக்கிறது என்று கடுப்பாக இருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய கடுப்பு ஞாயிற்றுக்கிழமைக் குளியல். அக்காவின் கழுத்தைச் சுற்றிக் கருப்பாக ஒரு பட்டை படிந்திருந்தது. அம்மாவுக்கு அது மானப் பிரச்சினை. பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியாதவள் என்று ஊர் சொல்லிவிடுமோ என்ற பயம். பாசிப்பயறு மாவு, எலுமிச்சம்பழத் தோல், தயிர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எதற்கும் அசையாததால் பீர்க்கங்காய் நாரை எடுத்தாள். அக்காவை மணையில் குனிந்து உட்காரச் சொல்லி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாத்திரம் துலக்குகிற மாதிரி தேய்ப்பாள். "எம்புட்டு அழுக்குடி! தோளு வரைக்கும் தண்ணி ஊத்தினா இப்படித்தான்" என்பாள். அக்கா மணையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருப்பாள்.

என் முறை வந்ததும் இரண்டு செம்பு தண்ணீர், முதுகில் ஒரு தட்டு, "ம், போய்த் தொடச்சுக்க." அவ்வளவுதான். அக்காவுக்கு அரைமணி நேரம் அம்மா கிடைக்கிறாள், எனக்கு ஒரு தட்டு கிடைக்கிறது. நானும் வேண்டுமென்றே கழுத்தில் செம்மண்ணைப் பூசிக்கொண்டு போய் நின்று பார்த்தேன். ஒரே செம்பில் போய்விட்டது.

அந்த வருஷம் அக்காவுக்குச் சளி பிடித்தது. டாக்டரிடம் போனதென்னவோ அதற்காகத்தான். வீட்டில் தனியாக விட முடியாதென்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். குழந்தைகளைப் பார்க்கும் அந்த டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, அக்காவின் சட்டைக் காலரை லேசாக விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். தோல் உரிந்து சிவந்திருந்தது.

"இதை என்ன பண்ணீங்க?"

"அழுக்கு டாக்டர். என்ன தேய்ச்சாலும் போக மாட்டேங்குது" என்றாள் அம்மா, தன் மேல் தப்பில்லை என்கிற குரலில்.

"அழுக்கு இல்லம்மா. உடம்புக்குள்ள சர்க்கரை சரியா வேலை செய்யலேன்னா தோல் இப்படித்தான் கருக்கும். எடை கூடுன பிள்ளைங்களுக்கு வரும். தேய்ச்சா போகாது."

காலரைச் சரிசெய்யப் போன அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. டாக்டரம்மா அதைக் கவனித்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிடுவோம், பயப்பட வேண்டாம். பட்டினி போடவே கூடாது. வளர்கிற பிள்ளை, எடை மேலே ஏறாமல் பார்த்துக்கொண்டாலே போதும், உயரம் கூடக்கூட உடம்பு சரியாகிவிடும். அவளுக்கு மட்டும் தனிச் சமையல் என்று வைத்தால் தண்டனை மாதிரி இருக்கும், அதனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. கூல்டிரிங்க்ஸ் வேண்டாம். சாப்பிடும்போது போன் வேண்டாம். தினமும் யாராவது ஒருத்தர் அவளோடு நடங்கள். "யாரும் அவளைக் குண்டுன்னு சொல்லக் கூடாது. விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது" என்று முடித்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மேஜை மேலிருந்த ஒட்டகச்சிவிங்கி பொம்மையைப் பார்த்துக்கொண்டேன்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது அம்மா அக்காவின் கழுத்தில் முந்தானையைப் போட்டு மூடினாள். பிறகு அந்த முந்தானையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அக்காவுக்காக அம்மா நடுரோட்டில் அழுகிறாள்! எனக்கு மஞ்சள்காமாலை வந்து கிடந்தபோதுகூட வீட்டுக்குள்தான் அழுதாள்.

அன்றிலிருந்து எங்கள் வீடு தலைகீழாக மாறியது. சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வாங்கிவரும் புரோட்டாவும் சால்னாவும் நின்றன. பேக்கரிப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாமாயில் பாக்கெட் ஒன்று வாரக்கணக்கில் காலியாகாமல் இருந்தது. காலையில் கேழ்வரகு தோசை, சாயங்காலம் சுண்டல், மத்தியானம் சோற்றுக்குச் சரிபாதி காய். தின்றது அவள், பத்தியம் எனக்கும் சேர்த்து. தட்டைத் தள்ளினால், "டாக்டர் எல்லாருக்கும்தான் சொன்னாங்க" என்பாள் அம்மா. நான் ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறேனே, எனக்கு மட்டும் ஒரு புரோட்டா தரலாமே என்று கேட்டால், அக்கா காதில் விழுந்துவிட்டதா என்று பயந்து என் வாயைப் பொத்துவாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னால் பொறுக்க முடியாமல் போனது அந்த நடைதான்.

அப்பா ஆபீஸிலிருந்து வந்தால் செய்தி பார்ப்பார், சாப்பிடுவார், தூங்கிவிடுவார். எங்களோடு உட்கார்ந்து பேசியதாக ஞாபகமே இல்லை. அப்படிப்பட்ட மனிதர் விடியற்காலையில் எழுந்து, அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திருப்பரங்குன்றம் போய், அவளோடு மலையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வர ஆரம்பித்தார். அக்காவுக்குப் புது ஷூ வந்தது. நான் போர்வைக்குள் கிடந்தபடி ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் தெருமுனையில் மறையும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருவார்கள். அக்காவின் பின்னலில் ஒரு துண்டு மல்லிகை இருக்கும். கோயில் பக்கம் பூக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா தினமும் சும்மாவே கிள்ளிக் கொடுப்பாராம். "அப்பா, அந்த வெள்ளைக் குட்டி இன்னைக்கு நம்ம கூடவே வந்துச்சுல்ல?" என்பாள் அக்கா. "நீ வேகமா நடந்தா அது ஓடி வருது" என்பார் அப்பா. பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள். எந்த வெள்ளைக் குட்டி? நாயா, ஆடா? கேட்டால் சொல்லுவார்கள்தான். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வது ஒரு தெரிந்துகொள்வதா? அப்பாவுக்குச் சிரிக்கத் தெரியும் என்ற விஷயமே எனக்கு அப்போதுதான் தெரியும். அந்தச் சிரிப்பும் அவளுக்குத்தான் போயிற்று.

நானும் வருகிறேன் என்றேன். "ஒனக்கு எதுக்குடா? நீ தூங்கு" என்றார் அப்பா. அழுதேன். "சும்மா இரு, அக்காவுக்கு ஒடம்புக்காகப் போறாங்க" என்றாள் அம்மா. அக்கா குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். சொல்லவில்லை. அதற்காக அவளுடைய பென்சில் பாக்ஸை ஒரு வாரம் தொடாமல் இருந்து பழிவாங்கினேன். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

நடை அவளுக்கு ஒத்துக்கொண்டதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சில மாதங்களில் மாடிப்படியில் நிற்பது நின்றது. ஒருநாள் வேனிலிருந்து இறங்கியவள் ஒரே மூச்சில் மேலே ஓடிவிட்டாள். நான் பாதிப் படியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் த்ரோபால் விளையாட வரச்சொன்னார்களாம், பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். கழுத்துக் கருப்பும் கொஞ்சம் வெளிறியதாக அம்மா சொன்னாள். அதை ஆசையாகத் தடவித் தடவிப் பார்ப்பாள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா, இப்படியே விடாமல் போங்கள், விட்டால் திரும்பிவிடும் என்று சொல்லி அனுப்பினார். அப்பா அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. இந்த வீட்டில் அப்பா கிடைக்க வேண்டுமென்றால் குண்டாக வேண்டும். ஒல்லியாக இருக்கும்வரை என்னை யாரும் எந்த மலைக்கும் கூட்டிப்போகப் போவதில்லை.

குண்டாவது அவ்வளவு சுலபமில்லை. அதுவும் எங்கள் வீட்டுச் சுண்டலை வைத்துக்கொண்டு நடக்கிற காரியமில்லை. அந்தச் சமயத்தில்தான் தெய்வமே அனுப்பியதுபோல உசிலம்பட்டியிலிருந்து அத்தை வந்து இறங்கினாள், ஒரு பெரிய தூக்குச்சட்டி நிறைய அதிரசத்தோடு. அக்காவைப் பார்த்ததும் வாசலிலேயே தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன மதினி, புள்ளை இம்புட்டு எளைச்சுப் போச்சு? எங்க அண்ணன் சம்பாத்தியத்துல சோத்துக்கா பஞ்சம்?"

அம்மா டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அத்தைக்கு அது ஏறவில்லை. "வயசுக்கு வரப்போற புள்ள. இப்ப திங்காம எப்பத் திங்கும்?" என்று ஒரு அதிரசத்தை எடுத்து அக்காவின் வாயருகே நீட்டினாள். அக்கா வாங்கிப் பாதி தின்றாள். "போதும் அத்தை, நல்லாருக்கு" என்று மீதியைத் தட்டில் வைத்தாள். அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மா அத்தையைச் சமாதானம் செய்ய அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். தூக்குச்சட்டி கூடத்திலேயே இருந்தது.

நான் அதைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனேன். முதல் இரண்டு ருசிக்காகத் தின்றேன், மீதியை லட்சியத்துக்காகத் தின்றேன். தொண்டையில் அடைக்க அடைக்க, வெல்லமும் நெய்யும் முகவாயில் வழிய, ஒவ்வொரு வாய்க்கும் திருப்பரங்குன்றம் மலை கொஞ்சம் பக்கத்தில் வந்தது. சட்டியின் அடி தெரிந்தபோது எனக்குக் கண் இருட்டியது.

கூடத்தின் நடுவில்தான் வாந்தி எடுத்தேன். அத்தை கண்ணேறு என்றாள், அம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டாள், அக்கா ஓடிப்போய்த் துணியும் தண்ணீரும் கொண்டுவந்து துடைத்தாள். சத்தம் கேட்டு வந்த அப்பா குனிந்து, "ஏன்டா இம்புட்டத் தின்ன?" என்று கேட்டார்.

"நானும் குண்டாகணும்" என்று விக்கி விக்கி அழுதேன். "அப்பத்தான் என்னையும் நடக்கக் கூட்டிட்டுப் போவீங்க."

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். என்னைக் கூட்டிப்போக அவளிடம் என்ன அனுமதி கேட்பது என்று அந்த வாந்திக்கு நடுவிலும் எனக்கு எரிச்சலாக வந்தது. அக்கா துடைத்த துணியை ஒருமுறை பிழிந்தாள், மறுபடியும் பிழிந்தாள்.

"வரட்டும்ப்பா" என்றாள்.

மறுநாள் விடிவதற்குள் எழுந்து, யாரும் எழுப்பாமலே பல் துலக்கித் தயாராக நின்றேன். ஸ்கூட்டரில் அப்பாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் என்னை உட்காரவைத்தார்கள். திருப்பரங்குன்றத்தில் இறங்கியதும் அப்பாவின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டேன். விடவேயில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் மலை இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பாறையிடுக்கில் மயில் ஒன்று கத்தியது. அந்த வெள்ளைக் குட்டியும் வந்தது, நாய்தான். அக்காவைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்துக் குரைத்தது. போகட்டும், அதற்கு நான் புதுசு.

கோயில் பக்கம் வந்ததும் பூக்கடை அம்மா வழக்கம்போல அக்காவுக்கு மல்லிகையைக் கிள்ளிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இது யாரு அண்ணே, சின்னதா?"

"ரெண்டாவது பொண்ணு" என்றார் அப்பா.

அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் நிறையச் சிரிப்பு. கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அதை நான் இன்றைக்கும் சொல்வேன். "ஏந்தாயி, தங்கச்சி சோத்தையும் சேத்து நீயே தின்டுட்டியா? இது இப்படி ஒல்லியா ஒடக்கான் கணக்கா இருக்கு!"

என் மனசில் அத்தனை வருஷமாக இருந்த வழக்கை, முன்பின் தெரியாத ஒருவர் ஒரே வாக்கியத்தில் எடுத்துச் சொல்லிவிட்டார். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "ஆமா! எப்பவுமே இவதான்!" என்று கத்தினேன். பூக்கடை அம்மா கைகொட்டிச் சிரித்தார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். பூவை வாங்கிப் பின்னலில் வைத்துக்கொள்ளாமல் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அப்பா என் கையை உதறிவிட்டு வேகமாக அவள் பின்னால் போனார். பார்த்தாயா, கடைசியில் அவளிடம்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

வெகுகாலம் கழித்து, எனக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில், ஏதோ பேச்சுவாக்கில் அம்மா சொன்னாள். நடக்கப்போகலாம் என்று முதன்முதலில் அப்பா கூப்பிட்டபோது அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: "தங்கச்சி வேணாம்ப்பா. அவ பக்கத்துல நின்னா எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிக்கிறாங்க." அப்பா யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் அதைக் காப்பாற்றி வந்திருக்கிறார். என்னை வேண்டாம் என்று சொன்னது தான்தான் என்று நான் நினைத்துக்கொள்ளட்டும் என்றும் விட்டிருக்கிறார். அக்கா இப்போது கோயம்புத்தூரில் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்தப் பூக்கடை நாளுக்குப் பிறகு அவள் மறுபடி நடக்க ஆரம்பிக்க நெடுநாள் ஆயிற்று. அதற்குள் மாடிப்படியில் மறுபடியும் அவள் பின்னால் நான் நிற்கும்படி ஆகிவிட்டது.

இதில் எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. பூக்கடைக்குப் போன நாளுக்கு மறுநாள் விடியற்காலையில் அப்பா வந்து எழுப்பியபோது, அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி, "எனக்குக் கால் வலிக்குதுப்பா. அவ வேணா வரட்டும்" என்றாள். அப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தலைமாட்டில் ரொம்ப நேரம் நின்றார். போர்வையை இழுத்துவிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்து, நான் வாசலில் தயாராக நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் வந்தார்.

ஸ்கூட்டரில் பின்சீட்டு முழுக்க எனக்கு. மலை முழுக்க எனக்கு. அப்பா முழுக்க எனக்கு. நான் வாய் ஓயாமல் பேசினேன்: வகுப்பில் யார் யாரை அடித்தார்கள், வேனில் யார் வாந்தி எடுத்தார்கள், எனக்கு ஷூ வாங்குவதானால் என்ன கலர். அப்பா "ம்" கொட்டிக்கொண்டே வந்தார். அக்காவோடு வேகமாக நடப்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்கு ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்து வைக்கிற மாதிரி நடந்தார். நடுநடுவே நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கால் வலிக்கும் என்றுதான் இப்படிச் செய்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அவர் கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன்.

"எனக்கு ஒண்ணும் வலிக்கலப்பா" என்றேன். "வேகமாவே போங்க."